உதிர்ந்த பூவைக் கூட்டிப் பெருக்கிடுவாங்களா?

ஜப்பான் சுற்றுலா விசாவுக்குக் கேட்கும் தாள்களில் ஒன்று, நாள்வாரிப் பயணத் திட்டம். தேதி, அன்றைக்குச் செய்யப்போவது, தொடர்பு எண், தங்குமிடம் என்று நாலு பத்திகள். இறங்கும் நாள் தொடங்கி விமானம் ஏறும் நாள் வரை ஒரு வரிசை விடாமல் நிரப்ப வேண்டும். நான் கணக்கு வேலை பார்ப்பவள். கட்டம் போட்ட தாளைக் கண்டால் கை தானாகவே பேனாவைத் தேடும். அப்படிப்பட்ட என்னை இந்த ஒற்றைத் தாள் மூன்று வாரம் அலைக்கழித்தது. இதில் விசா அலுவலகத்தின் மேல் பழியில்லை. 2023-ல் நான் பார்க்காமல் விட்டுவந்த பூதான் காரணம்.

அந்த வருடம் நானும் கணவரும் ஏப்ரல் 4-ஆம் தேதி டோக்கியோவில் இறங்கினோம். ஏப்ரல் முதல் வாரம்தான் சகுரா, அதாவது செர்ரிப் பூக்காலம் என்று கேட்டவர்கள் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். ஏழு மாதம் முன்பே டிக்கெட், விடுதி, லீவு எல்லாம் முடிந்திருந்தது. ஆனால் அந்த வருடம் டோக்கியோவில் முதல் பூ மார்ச் 14-ஆம் தேதியே விரிந்துவிட்டது. 22-ஆம் தேதி மரமெல்லாம் பூ. நாங்கள் சிதோரிகாஃபுச்சி அகழிக் கரையில் போய் நின்றபோது, காலண்டரில் பார்த்துப் பார்த்து மனப்பாடமான அந்த வெள்ளைக் கிளைகளில் இளம்பச்சை இலை துளிர்த்திருந்தது. பக்கத்தில் ஒரு பெரியவர் நாய்க்குட்டியோடு நடந்து போனார். அவருக்கு அது இன்னொரு புதன்கிழமை, அவ்வளவுதான். எனக்குக் கல்யாணம் முடிந்த மண்டபத்துக்குள் சீர்த்தட்டோடு நுழைந்தது போல இருந்தது.

இதில் இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கும் ஒரு விஷயம் உண்டு. அடுத்த நாள் ஷின்ஜுகு கியோயென் பூங்காவில் அடுக்கடுக்கான இதழ்களோடு ரோஸ் நிறத்தில் மரங்கள் பூத்துத்தான் இருந்தன. யாயே சகுரா என்று பெயர், நம்மூர் அடுக்குமல்லி மாதிரி. படங்களில் வரும் சோமெய் யோஷினோ ரகம் முடிந்து ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பூக்கும் வகைகள். அவற்றின் கீழே பாய் விரித்து ஜப்பானியக் குடும்பங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. கணவர் போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தார். நான் மட்டும் "இது அந்தச் சகுரா இல்லப்பா" என்று சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வால்பேப்பரில் இருந்த பூ இல்லை என்பதற்காக, எதிரே பூத்திருந்த பூவுக்கு முகம் கொடுக்கவில்லை.

என் கதையைக் கேட்டு உஷாரான தோழி ஒருத்தி, மறுவருடம் மார்ச் 20-ஆம் தேதியே கிளம்பிப் போனாள். 2024-ல் மார்ச் மாதம் முழுக்கக் குளிர். அவள் சென்னை திரும்பியது 28-ஆம் தேதி. டோக்கியோவில் முதல் பூ விரிந்ததாக அறிவித்தது 29-ஆம் தேதி! அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் சந்தித்துக்கொள்ளும்போது சகுரா என்ற வார்த்தையையே எடுப்பதில்லை. கோவிலில் நடை சாத்தியபின் போனவளும் நடை திறக்குமுன் திரும்பியவளும் பேசிக்கொள்ள என்ன இருக்கிறது.

ஒட்டுக்கட்டிய மரங்கள்

இந்த முறை அம்மாவை அழைத்துப் போவதென்று முடிவானது. அம்மாவுக்கு 68 வயது, கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார், முழங்கால் வலி உண்டு, மீன் வாசனை ஆகாது. இன்னொரு தடவை கோட்டைவிட்டால் அது என் கணக்கோடு முடியாது. அதனால் ஆராய்ச்சியில் இறங்கினேன். இறங்கியதும் முதலில் கோபம்தான் வந்தது: இத்தனை ஒழுங்கான நாட்டில் ஏன் இந்த மரங்கள் மட்டும் ஒரே வாரத்தில் ஒட்டுமொத்தமாகப் பூத்து, ஒட்டுமொத்தமாகக் கொட்டுகின்றன?

காரணம் எளிமையானது. நாம் படங்களில் பார்க்கும் சகுரா பெரும்பாலும் சோமெய் யோஷினோ என்ற ஒரே ரகம். எடோ காலத்தின் கடைசியில், அதாவது 19-ஆம் நூற்றாண்டில், இப்போதைய டோக்கியோவின் கோமாகோமே பக்கம் இருந்த சோமெய் கிராமத்துத் தோட்டக்காரர்கள் பரப்பியது. விதை போட்டு வளர்ப்பதில்லை, எல்லாமே ஒட்டு. நம் ஒட்டு மாங்கன்று போலத்தான். ஒரு மரத்தின் உடம்பே ஆயிரம் இடத்தில், லட்சம் இடத்தில் நிற்கிறது. ஒரே ஊரில், ஒரே வெயிலில் நிற்கும் ஒரே மரம் ஒரே நாளில்தானே விழிக்கும்? பூத்தபின் ஒரு மழை, ஒரு காற்று போதும், முடிந்தது.

விழிப்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கோடையிலேயே மொட்டு உருவாகி உறங்கிவிடும். குளிர்காலத்தில் போதுமான குளிர் பட்டால்தான் அந்த உறக்கம் கலையும், அதன்பின் வெயில் ஏற ஏற மொட்டு வளரும். அதனால் குளிர்காலம் வெதுவெதுப்பாகப் போனால் தெற்கே ககோஷிமா போன்ற ஊர்களில் பூப்பது பிந்திக்கூடப் போகும். ஜப்பானில் பலருக்கும் தெரிந்த வாய்பாடு ஒன்று உண்டு: பிப்ரவரி 1-லிருந்து ஒவ்வொரு நாளின் உச்ச வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே வந்தால், மொத்தம் 600 பாகை செல்சியஸைத் தொடும் நாளை ஒட்டி முதல் பூ விரியும். நானும் டோக்கியோவின் பழைய வெப்பநிலைகளை எடுத்து எக்செல்லில் கூட்டிப் பார்த்தேன். கிட்டத்தட்ட வருகிறது. ஆனால் அந்தக் கூட்டல் முடிவது மார்ச்சில், நான் டிக்கெட் எடுக்க வேண்டியது அக்டோபரில்.

அதிகாரபூர்வமாக முதல் பூவை அறிவிக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. டோக்கியோவுக்கான மாதிரி மரம் யாசுகுனி ஆலய வளாகத்தில் நிற்கிறது. வானிலை நிறுவனத்தின் ஊழியர் நேரில் வந்து அண்ணாந்து பார்த்து எண்ணுவார். ஐந்தாறு பூ விரிந்திருந்தால் 'கைகா', பூப்பு தொடங்கியாயிற்று. சுற்றிலும் டிவி கேமராக்கள், கைதட்டல். எண்பது சதம் விரிந்தால் 'மன்காய்', முழுப் பூப்பு. நம் பத்திரிகைகளில் மேட்டூர் அணை நீர்மட்டம் வருவது போல அங்கே பூமட்டம் வரும். ஆனால் எந்த ஊரில் என்றைக்குப் பூக்கும் என்று முன்கூட்டிச் சொல்வதை அந்த அரசு நிறுவனம் 2010 முதல் நிறுத்திவிட்டது, இப்போது தனியார் வானிலைக் கம்பெனிகள்தான் சொல்கின்றன. 2007-ல் கணினிக் கோளாறால் தேதி தவறிப்போய், வானிலை நிறுவனம் பொதுமக்களிடம் மன்னிப்புக் கேட்ட சம்பவமும் நடந்திருக்கிறது. மழை வராததற்கு எவரும் மன்னிப்புக் கேட்டிராத ஊரிலிருந்து இதைப் படிக்கும்போது கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

கியோட்டோவில் இந்தக் கணக்கு இன்னும் நீளம். பிரபுக்கள், துறவிகள், அரசவைக்காரர்கள் எழுதிவைத்த நாட்குறிப்புகளில் இருந்து 9-ஆம் நூற்றாண்டு வரைக்கும் பின்னோக்கிப் போய் முழுப் பூப்புத் தேதிகளைத் தொகுத்திருக்கிறார்கள். 1200 ஆண்டுக் கணக்கில் அன்றைய தேதிவரை மிக முந்திய முழுப் பூப்பு 2021 மார்ச் 26. அதற்கு முந்தைய சாதனை 1409-இல், ஒரே ஒரு நாள் வித்தியாசம். புவி சூடாவதற்கு இதைவிட அழகான, இதைவிட வயிற்றைக் கலக்கும் ஆதாரத்தை நான் பார்த்ததில்லை. டிக்கெட் எடுப்பவளுக்கு இதில் சேதி ஒன்றுதான்: பழைய சராசரியை நம்பாதே.

ஏழு ஊர், பதினொரு நாள்

தேதியை நம்ப முடியாது என்று தெரிந்ததும் நான் செய்தது, இப்போது பார்த்தால் சிரிப்பாக வரும் ஒரு வேலை. ஊர்களைக் கூட்டினேன். ஒரு ஊரில் தவறினால் இன்னொன்றில் கிடைக்காதா என்ற கணக்கு. டோக்கியோ, ஹக்கோனே, கனசாவா, கியோட்டோ, ஒசாகா, ஹிமேஜி, ஹிரோஷிமா. பதினொரு நாளில் ஏழு ஊர். கனசாவாவில் கென்ரோகுயென் தோட்டம், ஹிமேஜியில் 1609-இல் கட்டி முடித்த வெள்ளைக் கோட்டை, அதன் காலடியில் மரங்கள். ஹிரோஷிமாவில் மோட்டோயாசு ஆற்றங்கரையில், சிதைந்து நிற்கும் அந்தக் கட்டடத்தின் எதிரே பூ. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்தேன். ஷீட் ரங்கோலி போல ஆகிவிட்டது.

இந்த ஷீட்டிலிருந்து கிடைத்த ஒரே லாபம் ரயில் பாஸ் பற்றிய தெளிவு. ஏழு நாளும் எத்தனை தடவை வேண்டுமானாலும் ரயில் ஏறிக்கொள்ளும் ஜே.ஆர். பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000-க்கு ஏறிவிட்டது. கியோட்டோவிலிருந்து டோக்கியோவுக்கு நொசோமி புல்லட் ரயிலில் சுமார் 14,000 யென்தான். ஒசாகாவிலிருந்து ஹிரோஷிமா போய்த் திரும்ப இன்னொரு இருபதாயிரத்துச் சொச்சம். ஆக, நடுவில் தலைதெறிக்க ஓடினாலொழிய பாஸ் போட்ட பணம் திரும்பாது. பழைய பயணக் கட்டுரைகளை நம்பி பாஸ் வாங்கிவிட்டு, அதை வசூல் பண்ணுவதற்காகவே ஊர் ஊராக ஓடுபவர்களை எனக்குத் தெரியும்.

கனசாவாவை முதலில் எடுத்துவிட்டது என் கணவர். 2024 மார்ச்சில் ஹொகுரிகு புல்லட் ரயிலை சுருகா வரை நீட்டிவிட்டதால், கனசாவாவிலிருந்து கியோட்டோ போகிறவர்கள் சுருகாவில் இறங்கி, எஸ்கலேட்டரில் கீழ்த்தளத்துக்கு வந்து வேறு ரயில் பிடிக்க வேண்டும். மாறுவதற்குப் பல ரயில்களுக்கு எட்டு நிமிடம் போல வைத்திருக்கிறார்கள். "அத்தைக்கு எட்டு நிமிஷத்துல செருப்பு மாட்டவே முடியாது" என்றார். நியாயம். நீளம், அகலம், உயரம் கூட்டினால் 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்குக் கியோட்டோ–டோக்கியோ புல்லட் ரயிலில் பெட்டி வைக்கும் இடத்தோடு சேர்ந்த இருக்கையாகப் பார்த்து முன்பதிவு செய்ய வேண்டும் என்பது அடுத்த தலைவலி. அம்மாவின் பெட்டியில் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஒரு சின்ன ரைஸ் குக்கர். நல்லவேளை, கறுப்புப் பூனை படம் போட்ட வண்டிக்காரர்கள் ஒரு விடுதியிலிருந்து இன்னொரு விடுதிக்கு மறுநாளே பெட்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். புளிக்காய்ச்சல் தனியாகவே பயணம் செய்யட்டும். அது இல்லாமல் முடியாது. அங்கே மிசோ சூப்பிலிருந்து உடோன் நூடுல்ஸ் குழம்புவரை எல்லாவற்றுக்கும் அடித்தளம் 'தாஷி', அதில் பெரும்பாலும் காய்ந்த மீன் சீவல் இருக்கும். "மீன் துண்டு இல்லையே" என்று அவர்கள் சொல்வதும் உண்மை, அம்மாவால் சாப்பிட முடியாது என்பதும் உண்மை.

பவழமல்லி

ஷீட்டை எடுத்துக்கொண்டு கும்பகோணம் போனேன். அம்மாவுக்கு லேப்டாப்பில் காட்டினேன். ஒவ்வொரு நிறத்துக்கும் விளக்கம் சொன்னேன். முழுப் பூப்பு ஐந்தாறு நாள்தான் இருக்கும், அதைப் பிடிப்பதற்குத்தான் இத்தனை ஊர், தவறினால் கொட்டிவிடும், அப்புறம் ஒன்றுமில்லை என்றேன். அம்மா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்:

"உதிர்ந்த பூவை உடனே கூட்டிப் பெருக்கிடுவாங்களா?"

எனக்குப் புரியவில்லை. "ஏம்மா?"

"இல்லடி, அவ்ளோ மரம்ங்கிறே. கொட்டுனா கீழதானே கெடக்கும். அதைப் பார்க்கலாம்ல."

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு பவழமல்லி இருக்கிறது. இரவில் பூத்து விடிவதற்குள் உதிர்ந்துவிடும். காலையில் எழுந்து வந்தால் மண்ணில் வெள்ளை இதழும் பவழக் காம்புமாக ஒரு விரிப்பு. மற்ற பூக்களைத் தரையிலிருந்து எடுத்தால் பூஜைக்கு ஆகாது என்பார்கள், பவழமல்லிக்கு மட்டும் விலக்கு. சின்ன வயதில் எங்கள் முதல் வேலையே மூங்கில் கூடையோடு போய் அதைப் பொறுக்குவது. அது கிளையில் பூத்திருப்பதை நான் கவனித்துப் பார்த்ததே இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. என்னைப் பொறுத்தவரை பவழமல்லி என்றால் தரையில் இருப்பது. அம்மாவும் அந்தத் தரையை வைத்துத்தான் கேட்டிருக்கிறார்.

பதில் தெரியாததால் அன்றிரவு தேடினேன். நடைபாதைகளில் பெருக்குகிறார்கள்தான், கோவில் வாசல்களில் விடிகாலையிலேயே துடைப்பச் சத்தம் கேட்குமாம். ஆனால் தண்ணீரில் விழுந்ததை யார் பெருக்க முடியும்? இதழ்கள் நீர்மேல் ஒன்றுசேர்ந்து மிதப்பதற்கு ஜப்பானியத்தில் 'ஹனா இகடா' என்று பெயர். ஹனா பூ, இகடா தெப்பம். பூந்தெப்பம்! மகாமகக் குளத்துக்காரியான அம்மாவுக்கு அந்த வார்த்தையை மொழிபெயர்க்கவே வேண்டியிருக்கவில்லை. காற்றில் இதழ் பறப்பதற்கு 'ஹனா ஃபுபுகி', பூவின் பனிப்புயல். பூவும் இளம் இலையும் கலந்து நிற்கும் மரம் 'ஹா ஸகுரா', நான் சிதோரிகாஃபுச்சியில் பார்த்து மனமொடிந்த அதே கோலம். அதற்கும் ஒரு பெயர் வைத்து, அதையும் பார்க்கப் போகிறார்கள். நாம் மட்டும் என்ன, அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று ஏழு நிலைக்குப் பெயர் வைத்திருந்தவர்கள். 'வீ' என்றால் உதிர்ந்த பூ. பத்தாம் வகுப்பில் இதை மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கியவள் நான். அப்படிப்பட்டவள்தான் நடுவில் இருக்கும் ஒரே ஒரு நிலைக்காக ஏழு ஊருக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த இரவோடு ஷீட்டின் முதல் பத்தி மாறியது. ஊர்ப்பெயரை எடுத்துவிட்டு மர வகைகளைப் போட்டேன். கிழக்கே மேற்கே ஓடுவதைவிட, ஒரே இடத்தில் இருந்துகொண்டு முந்திப் பூப்பது, பிந்திப் பூப்பது, மேலே பூப்பது, கீழே பூப்பது என்று பார்ப்பது முழங்காலுக்கும் நல்லது. நாரா பக்கம் இருக்கும் யோஷினோ மலை இதற்கென்றே அமைந்தது போல. அங்கே இருப்பவை பெரும்பாலும் ஒட்டு ரகம் இல்லை, காட்டுச் சகுரா. ஏறக்குறைய 30,000 மரங்கள். அடிவாரத்தில் 'கீழ் ஆயிரம்', பிறகு 'நடு ஆயிரம்', 'மேல் ஆயிரம்', 'உள் ஆயிரம்' என்று நாலு பகுதி. பூப்பு கீழே தொடங்கி நாள் போகப் போக மலையேறும். கீழே கொட்டும்போது மேலே மொட்டு. மலைக்கோவில் தெய்வத்துக்குக் காணிக்கையாகப் பல நூற்றாண்டுகளாகப் பக்தர்கள் நட்ட மரங்கள். பூக்காலத்தில் நடு ஆயிரம் வரைக்கும் பஸ் ஓடுகிறது, அம்மா ஏற வேண்டியதில்லை.

கியோட்டோவில் நின்னாஜி கோவிலின் ஓமுரோ சகுரா இன்னொரு வசதி. ஊரில் மற்றதெல்லாம் முடிந்தபின், ஏப்ரல் நடுவாக்கில் பூக்கும். மரம் இரண்டு மூன்று மீட்டர் உயரம்தான், பூ முகத்துக்கு நேரே நிற்கும். ஜப்பானியத்தில் பூவுக்கும் மூக்குக்கும் ஒரே உச்சரிப்பு, இரண்டுமே 'ஹனா'. அதனால் 'ஹனா' தாழ்ந்த இந்த மரத்துக்குச் சப்பை மூக்குப் பெண் என்று செல்லப்பெயர். அம்மாவிடம் சொன்னபோது, "கழுத்து வலிக்காது, நல்லது" என்றார். சிலேடை எடுபடவில்லை. ஒசாகாவில் 1871-இல் தொடங்கிய அரசு நாணயச்சாலை, தன் வளாகத்துச் சகுரா சாலையை 1883 முதல் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறது, வருடத்தில் ஒரே ஒரு வாரம். நூற்றுக்கு மேற்பட்ட வகைகள், பெரும்பாலும் அடுக்குப் பூ. ஒருவழிப் பாதை, திரும்பி நடக்க முடியாது. நான் ஷின்ஜுகுவில் முகம் திருப்பிக்கொண்ட அதே யாயே சகுராவிடம் மன்னிப்புக் கேட்க அதைவிடத் தோதான இடம் கிடையாது.

ஆக, ஏப்ரல் 7 முதல் 17 வரை. ஜப்பானியப் பள்ளிகளின் வசந்த விடுமுறை முடிந்திருக்கும், மாதக் கடைசியின் கோல்டன் வீக் தொடர் விடுமுறைக் கூட்டம் தொடங்கியிருக்காது. கன்சாய் விமான நிலையத்தில் இறங்கி கியோட்டோவில் ஆறு இரவு, டோக்கியோவில் நாலு இரவு, அங்கிருந்தே வீடு. சோமெய் யோஷினோ பிந்தினால் மரத்தில் பார்ப்போம், சராசரியாக வந்தால் காற்றில் பார்ப்போம், முந்தினால் கியோட்டோவில் தத்துவப் பாதை என்று பெயர்கொண்ட நடைபாதையை ஒட்டி ஓடும் கால்வாயில் கடைசித் தெப்பமாவது மிச்சம் இருக்கலாம். கியோட்டோவின் ஆறுகள் தெற்கே போக, அந்தக் கால்வாய் மட்டும் வடக்கே ஓடுகிறதாம். அதன் கரையில் அம்மா உட்கார ஓர் இடம் தேடி வரைபடத்தில் ஒரு மாலை முழுவதும் செலவழித்தேன்.

ஹிரோஷிமாவை வெட்டியது மட்டும் இன்னும் குத்துகிறது. கியோட்டோவிலிருந்து புல்லட் ரயிலில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. எல்லாவற்றையும் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நானே எடுத்துக்கொண்ட சபதத்தில் அந்த ஊர் அடிபட்டது சரியா என்று தெரியவில்லை. சில ஊர்கள் பூவுக்காகப் போக வேண்டியவையும் இல்லை. ஆறாம் நாள் வரிசையை மஞ்சளாகவே வைத்திருந்தேன். ஆனால் விசாத் தாளில் மஞ்சள் நிறம் செல்லாதே. அங்கே 'கியோட்டோ சுற்றிப் பார்த்தல்' என்று தட்டினேன், மற்ற நாட்களைப் போலவே.

விண்ணப்பம் கொடுக்கும் அன்று அம்மாவும் கூட வந்தார். கவுன்ட்டரில் இருந்த பெண் தாளைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தாள். "இத்தனை நாளும் கியோட்டோதானா மேடம்? எல்லாரும் நாலஞ்சு ஊர் போடுவாங்களே."

நான் வாயைத் திறந்தேன். ஒட்டு ரகம், 600 பாகை, கீழ் ஆயிரம், மேல் ஆயிரம் எல்லாம் தொண்டைவரை வந்துவிட்டது.

"எனக்கு முழங்கால் வலிம்மா" என்றார் அம்மா.

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு அடுத்த தாளுக்குப் போனாள்.